வேலூரில் நின்று தெற்கே பாருங்கள்: வான் பார்க்கப் புதிதாக வருவோருக்கு

வான் பார்க்கக் கற்றுத்தரும் கையேடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் நிற்கும். அதைப் படித்துவிட்டு வேலூரில் மொட்டை மாடி ஏறுகிறவர் வடக்கே திரும்பித் துருவத்தைத் தேடுகிறார். கிடைப்பதில்லை. நமக்கு இது வராது என்று இறங்கிவிடுகிறார். தவறு அவருடையது அல்ல. வேலூர் 13 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால் துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேல் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு குன்றோ நான்கு மாடிக் கட்டடமோ இருந்தால் அதுவும் மறைந்துவிடும்.

அதற்கு ஈடாக நமக்குத் தெற்கு வானம் கிடைத்திருக்கிறது. அகத்தியர் என்னும் நட்சத்திரம் (கனோபஸ்), தெற்குச் சிலுவை, ஆல்ஃபா சென்டாரி, ஒமேகா சென்டாரி ஆகியவற்றை லண்டனில் இருப்பவர் தன் ஊரில் நின்றபடி ஆயுளுக்கும் பார்க்க முடியாது. நமக்கு அவை ஏரிக்கரையிலிருந்தே தெரியும். ஆகவே இந்த வழிகாட்டி தெற்கிலிருந்து தொடங்குகிறது. முதல் மூன்று மாதம் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

முதல் வேலை பகலில்

நீங்கள் வழக்கமாகப் பார்க்கப்போகும் மாடியிலோ களத்துமேட்டிலோ தெற்கு வடக்காக ஒரு கோடு போட்டுவிடுங்கள். போனில் உள்ள காம்பஸை இதற்கு நம்ப வேண்டாம். பைக், இரும்பு கேட், காந்தம் வைத்த போன் உறை, மாடித் தளத்துக்குள் இருக்கும் கம்பி என்று எது பக்கத்தில் இருந்தாலும் அது வேறு திசையைக் காட்டும். சூரியனின் நிழல் அப்படிச் செய்யாது.

கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் நூலில் கட்டிய கல் போதும். துணி காயவைக்கும் கம்பியில் அதைத் தொங்கவிட்டு, குண்டு மட்டும் மூழ்கும்படி ஒரு வாளித் தண்ணீரை அடியில் வையுங்கள். காற்றில் நூல் ஆடுவது நின்றுவிடும். சூரியன் உச்சிக்கு வரும் நிமிடத்தில் நூலின் நிழல் விழும் இடத்தில் இரண்டு புள்ளி வைத்துச் சாக்பீஸால் இணைத்தால் அதுவே தெற்கு வடக்குக் கோடு.

உச்சி என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. வேலூர் 79.1 டிகிரியில் இருப்பதால் சூரியன் இங்கே பதின்மூன்றரை நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்தத் தாமதம் மாதத்துக்கு மாதம் கூடிக் குறையும். நவம்பர் முதல் வாரத்தில் உச்சி 11.57. டிசம்பர் 25 வாக்கில் 12.13. பிப்ரவரி நடுவில் 12.28. மார்ச் கடைசியில் 12.18.

இதை டிசம்பர், ஜனவரியில் செய்வது நல்லது. அப்போது நிழல் நீளமாக இருக்கும். இரண்டு நிமிடம் முன்பின்னானாலும் பிழை ஒரு டிகிரிக்குள் அடங்கும். ஏப்ரலில் செய்தால் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் கோடு போட நிழலே இருக்காது. ஏப்ரல் 24ஐ ஒட்டி பகல் 12.11 மணிக்கும், ஆகஸ்ட் 18ஐ ஒட்டி 12.17 மணிக்கும் வேலூரில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அந்த ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மேற்கே நீட்டிக்கொண்டிருந்த நிழல் டம்ளரின் அடிக்குள் ஒடுங்கி, காணாமல் போய், கிழக்குப் பக்கம் மெல்ல எட்டிப் பார்க்கும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல முதல் பாடம் கிடைப்பது அரிது.

இடம்

நகரத்தின் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காட்பாடிப் பக்கம் நின்றால் வேலூர் நகரமே உங்களுக்குத் தெற்கில் இருக்கும்; நாம் பார்க்க வேண்டிய பகுதியில்தான் வெளிச்சப் புகை மூடியிருக்கும். கணியம்பாடி, கண்ணமங்கலம், அமிர்தி பக்கம் போனால் அந்தப் புகை வடக்கே போய்விடுகிறது. வடக்கில் நமக்கு இழப்பு குறைவு.

ஆனால் இந்தப் பக்கத்தில் மலைகள் அதிகம். இடத்தைப் பகலிலேயே போய்ப் பாருங்கள். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. நடு மூன்று விரல் சேர்ந்தால் 5 டிகிரி. சுண்டு விரல் 1 டிகிரி. குழந்தையின் கை சிறிது, நீட்டும் தூரமும் குறைவு என்பதால் அளவு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். தெற்கு அடிவானத்தில் முஷ்டியை வைத்துப் பாருங்கள். மலையோ தோப்போ ஒரு முஷ்டிக்கு மேல் உயர்ந்திருந்தால் தெற்குச் சிலுவையின் அடி நட்சத்திரம் அங்கே சிரமம். வேறு இடம் பாருங்கள். ஏரிக்கரை நல்லது. கரை மேலே நின்றால் தெற்கே ஏரியோ அறுவடை முடிந்த கழனியோ திறந்து கிடக்க வேண்டும்.

இருட்டு போதுமா என்பதைச் சோதிக்கக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உதவும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு அதில் ஆறு புள்ளிகளைப் பிரித்து எண்ண முடிந்தால் இடம் நன்று. மூன்று நான்குதான் என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். கழனிக்காரரிடம் பகலிலேயே சொல்லிவையுங்கள்; இரவில் டார்ச்சோடு நடமாடுகிறவரைப் பார்த்து ஊர் கலவரப்பட்டால் அதில் நியாயம் உண்டு. கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் உள்ள மண் இது. கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள், தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள், கயிற்றுக் கட்டிலோ சாய்வு நாற்காலியோ கொண்டுபோங்கள். காப்புக்காட்டுக்குள் இரவில் வண்டியை நிறுத்த வனத்துறையின் அனுமதி வேண்டும்.

எந்த மாதம், எந்த நாள்

ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடிய நமக்குச் சிறந்த காலம். மே மாதத்தில் மாலை இடிமழை வந்தாலும் விடியற்காலை பெரும்பாலும் தெளிந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகத்தின் இடைவெளிதான் நமக்கு. ஆனால் மழை பெய்து ஓய்ந்த இரவில் தூசு அடங்கியிருப்பதால் அந்த இடைவெளி கண்ணாடிபோல் இருக்கும். அக்டோபர், நவம்பரில் ஆசைப்படாதீர்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டி போதும். முன்னிரவில் பார்ப்பவருக்குத் தேய்பிறை சஷ்டியிலிருந்து அமாவாசை தாண்டி வளர்பிறை திருதியை வரை நல்ல நாட்கள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுவதால், தேய்பிறை சஷ்டியன்று அது வர இரவு 11 மணி ஆகிவிடும்.

அதே தாளில் அன்றைய நட்சத்திரம் என்று போட்டிருக்கும் அல்லவா? அன்று நிலா வானத்தில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் அது. 'ரோகிணி' என்று போட்ட இரவில் நிலாவைப் பார்த்தால் பக்கத்தில் சிவந்து மின்னும் ஒரு நட்சத்திரம் இருக்கும், அதுதான் ரோகிணி. 'மகம்', 'சித்திரை', 'கேட்டை' என்று வரும் நாட்களில் இப்படியே பார்த்தால் ஒரு மாதத்தில் பிரகாசமான நட்சத்திரங்களின் பெயர்கள் மனதில் ஏறிவிடும். நாட்காட்டிக் கணக்கு வானத்தை 27 சமபாகமாகப் பிரிப்பதால் ஒவ்வொரு பாகமும் 13 டிகிரி 20 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை) அகலம் உடையது. அதனால் நிலா அந்த நட்சத்திரத்தை ஒட்டியே நிற்க வேண்டியதில்லை, ஒரு முஷ்டி தள்ளியும் நிற்கலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

கண்ணைப் பழக்குதல்

இருட்டில் கண் முழுதாகத் திறக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் அந்த அரை மணி வீணாகிறது. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒற்றை மடிப்பு போதாது, வெள்ளை கசியும். ஸ்டெல்லேரியம் போன்ற வான்பட ஆப் வைத்திருந்தால் அதில் இரவு நிறத்தைப் போட்டு, திரை வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்துக்கொள்ளுங்கள்.

மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கானது. மங்கிய ஒளியை உணரும் செல்கள் அதைச் சுற்றித்தான் அதிகம். எனவே பொருளுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்து, கடைக்கண்ணால் கவனியுங்கள். இரண்டு மூன்று இரவில் இது தானாக வந்துவிடும்.

பிப்ரவரி நடுவில், இரவு 8 மணி

உங்கள் சாக்பீஸ் கோட்டில் தெற்கு நோக்கி நின்று தலையை நன்றாக அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் மூன்று நட்சத்திரங்கள், ஓரியன் என்னும் வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடைக்கச்சை. அதற்கு இடப்பக்கம் மேலே செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. வலப்பக்கம் கீழே நீலவெள்ளையாக இருப்பது ரைஜல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். நட்சத்திரத்துக்கு நிறம் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கும். திருவாதிரை குளிர்ந்தது, ரைஜல் வெம்மை மிகுந்தது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கி, பிறகு மீண்டது.

மூன்று நட்சத்திர வரிசையை இடப்பக்கம் கீழே நீட்டினால் சிரியஸ், இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். வலப்பக்கம் மேலே நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டிப் போனால் கார்த்திகை. இப்போது சிரியஸிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்கி, சற்று வலப்பக்கம் வாருங்கள். அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே தனியாக ஒரு பெரிய நட்சத்திரம் நிற்கும். அதுதான் அகத்தியர். சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் இதற்குத்தான். சிரியஸின் ஒளி நம்மை வந்தடைய 8.6 ஆண்டு, அகத்தியரின் ஒளிக்குச் சுமார் 310 ஆண்டு. அவ்வளவு தொலைவில் இருந்தும் சிரியஸுக்கு அடுத்து நிற்கிறதென்றால் அது எவ்வளவு பெரிய விளக்காக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அது சிவப்பும் பச்சையுமாகத் துடித்தால் ஏதோ விமானம் என்று விட்டுவிடாதீர்கள். தாழ்ந்த உயரத்தில் நாம் தடித்த காற்றின் ஊடாகப் பார்ப்பதால் வருவது அது.

இதே காட்சி ஒவ்வொரு இரவும் 4 நிமிடம் முன்னதாக, மாதத்துக்கு 2 மணி நேரம் முன்னதாக வரும்.

பைனாகுலர்

மூன்று மாதம் கழித்து முதலில் வாங்க வேண்டியது 10x50 அல்லது 7x50 பைனாகுலர். முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். ஜூம் வைத்தவையும், 30 மடங்கு 50 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டவையும் வேண்டாம். கடையிலேயே தூரத்து விளம்பரப் பலகை எழுத்தைப் பார்த்துச் சோதியுங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு நிமிடத்தில் கண் இழுத்து வலித்தாலோ இரண்டு குழாயும் ஒரே திசையில் இல்லை என்று பொருள். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, வாங்காதீர்கள். கண்ணிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து வெளிச்சத்தைப் பாருங்கள். ஐபீஸில் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸில்) தெரியும் வெள்ளை வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே உள்ள பட்டகம் (ப்ரிசம்) மட்டமானது.

குவியம் வைக்கும் வரிசை இது: வலப்பக்க லென்ஸை மூடி, இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண்ணால் பார்த்து வலப்பக்க ஐபீஸை மட்டும் திருகுங்கள். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். கை நடுங்கினால் வியாழனின் நிலாக்கள் தெரியாது. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றுங்கள், அல்லது கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொள்ளுங்கள்.

பார்க்கத் தொடங்க வேண்டியவை: கார்த்திகை, ஓரியனின் இடைக்கச்சைக்குக் கீழே தொங்கும் நெபுலா (வாயுவும் தூசும் திரண்ட முகில்), கடக ராசியில் பூசத்தை ஒட்டிய நட்சத்திரக் கூட்டம், ஜூன், ஜூலையில் தேளின் வால் நுனிக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு கூட்டங்கள். நிலாவை முழுநிலாவில் பார்க்காதீர்கள். ஒளி நேராக விழுவதால் நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள். பள்ளங்களின் சுவர் நிழலோடு எழுந்து நிற்கும்.

சித்திரைக்கு நேர் கீழே

வேலூருக்கே உரிய விருந்து இது. மே நடுவில் அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு, 10 மணி சுமாருக்கு, சித்திரை நட்சத்திரம் நேர் தெற்கில் ஆறரை முஷ்டி உயரத்தில் இருக்கும். ஏப்ரல் கடைசியில் இதற்கு 11.20 வரை காத்திருக்க வேண்டும். சித்திரையிலிருந்து செங்குத்தாக மூன்றரை முஷ்டி கீழே இறங்குங்கள். சிரியஸிலிருந்து அகத்தியருக்கு இறங்கிய அதே அளவு. அங்கே நல்ல இருட்டில் குவியம் சரியாகாத நட்சத்திரம்போல் ஒரு மங்கல் புள்ளி தெரியும். பைனாகுலரை அதில் வையுங்கள். ஈரத் துணியால் ஒற்றியெடுத்த மாவுபோல ஒரு உருண்டை. ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. கடைக்கண்ணால் பார்த்தால் இன்னும் பெரிதாகும். ஒமேகா சென்டாரி அது. ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட உருண்டை, 17,000 ஒளியாண்டு தொலைவில்.

தெரியவில்லை என்றால் மூன்று காரணங்கள்தான். சித்திரை நேர் தெற்கில் வருவதற்கு முன்போ பின்போ இறங்கியிருப்பீர்கள். அப்போது செங்குத்துக் கோடு அதன் மேல் விழாது. அல்லது தெற்கே தூசும் புகையும் இருக்கும். அல்லது கண் இன்னும் பழகியிருக்காது.

தெற்குச் சிலுவை இதற்கு ஒரு மணி நேரம் முன்பே நேர் தெற்கைத் தாண்டியிருக்கும். ஒன்றரை முஷ்டி உயரத்தில் நான்கு நட்சத்திரம், நெடுக்கில் மூன்று விரலுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவு சிறியது. இடப்பக்கம் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் அதைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அதில் தூரத்தில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, 4.3 ஒளியாண்டில் நம் பக்கத்து வீடு. மார்ச் இரவில் அகத்தியருக்கு இடப்பக்கம் இதைவிடப் பெரிய, மங்கிய சிலுவை ஒன்று தெரியும். அது போலிச் சிலுவை. சுட்டும் இரட்டை பக்கத்தில் இல்லையென்றால் அது போலி.

அன்றிரவே வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம் தெரியும். வால் பகுதியின் நடு நட்சத்திரம் வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் பகலில் காட்டுகிற அருந்ததியை இங்கே உண்மையாகவே பார்க்கலாம்.

எரிகற்கள்

செய்தித்தாள்கள் ஆகஸ்ட் 12, 13இல் பெர்சீட் பொழிவைப் பற்றி எழுதும். நமக்கு அப்போது மேகம். வேலூர்க்காரர்கள் நாட்காட்டியில் குறிக்க வேண்டியது மே 5, 6 விடியற்காலை, ஈட்டா அக்வாரிட். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசுதான் இது. நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் நுழைவதால் நீண்ட கோடு போடும். 3 மணிக்குத் தொடங்கி 4.30 வரை கிழக்கும் தென்கிழக்கும் பார்த்துப் படுத்திருங்கள். டிசம்பர் 13, 14இல் ஜெமினிட் பொழிவு. மேகம் விட்டால் இரவு 9 மணியிலிருந்தே தெரியும், 2 மணிக்கு உச்சம். மணிக்கு 150 என்று படித்தால் அது மிகத் தெளிந்த வானத்துக்கும், பொழிவின் மையம் தலைக்கு நேர் மேலே இருப்பதற்கும் போட்ட கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் நல்ல இரவுதான். பைனாகுலரோ தொலைநோக்கியோ இதற்கு வேண்டாம். பரந்து பார்க்கும் வெறுங்கண்தான் கருவி.

கிரகணங்கள்

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறப்பதற்குச் சற்று முன், 10.20 மணியளவில் உச்சம்; நிலா முழுதும் மறைந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 71 நிமிடம். நிலா செம்பு நிறமாகும்போது, முழுநிலா ஒளியில் காணாமல் போயிருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நிலாவை மட்டும் பார்த்துக்கொண்டு அதைத் தவறவிடாதீர்கள்.

சூரிய கிரகணம் அப்படி அல்ல. 2027 ஆகஸ்ட் 2 மாலையில் வேலூரில் பகுதி கிரகணம் தெரியும். ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்ட கிரகணக் கண்ணாடி, அல்லது 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வேண்டும். எக்ஸ்ரே பிலிம், சிடி, கறுப்புக் கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீரில் தெரியும் பிம்பம் எதுவும் பாதுகாப்பு அல்ல. அவை கூச்சத்தைத்தான் குறைக்கும், அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது. விழித்திரையில் வலி நரம்பு இல்லாததால் சுடுவதும் தெரியாது.

கண்ணாடி கிடைக்காவிட்டால் கையகலக் கண்ணாடித் துண்டின் மேல் தாளை ஒட்டி, நடுவில் 5 மி.மீ. துளை வெட்டுங்கள். அதில் வெயில் பட்டுத் திருப்பும் ஒளியை 10 மீட்டர் தள்ளியிருக்கும் இருண்ட அறையின் சுவரில் விழச் செய்தால் 9 செ.மீ. அளவில் சூரியனின் பிம்பம், கடிபட்ட பாகத்தோடு தெரியும். துளையைப் பெரிதாக்கினால் பிம்பம் மழுங்கும். கீற்றுக்கொட்டகை உள்ளவர்களுக்கு இதுவும் வேண்டாம். கூரைச் சந்து ஒவ்வொன்றும் தரையில் ஒரு பிறைச் சூரியனைப் போடும்.

தொலைநோக்கி வாங்கும்போது

'525 மடங்கு' என்று பெட்டியில் போட்ட, கால்கள் ஆடும் சிறு தொலைநோக்கியை வாங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரம் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். படம் பெரிதாவது முக்கியம் அல்ல, ஒளி சேர்வதும் ஆடாமல் நிற்பதும்தான் முக்கியம். முதல் தொலைநோக்கிக்கு 150 மி.மீ. கண்ணாடி, 1200 மி.மீ. குவியத் தூரம் உள்ள டாப்சோனியன் வகை (தரையில் வைத்துச் சுழற்றும் பெட்டித் தாங்கியில் நிற்பது) எங்கள் பரிந்துரை. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. சனியின் வளையத்துக்கு 48 மடங்கே போதும்.

பெரிய குழாயின் மேல் இருக்கும் சிறிய குறிகாட்டிக் குழாயைப் பகலில் சரிசெய்யுங்கள். தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்தின் நுனியைப் பெரிய குழாயில் நடுவுக்குக் கொண்டுவந்து, குறிகாட்டியின் திருகுகளைத் திருகி அதே நுனியைக் குறுக்குக் கோட்டில் வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கமே திருப்பாதீர்கள். பகலில் குறிகாட்டிக்கும் மூடி போட்டே வையுங்கள்.

படம் கொதிக்கும் தண்ணீர்போல் அலைந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். வேலூர் வெயிலில் காய்ந்த மொட்டை மாடித் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். முடிந்தால் மண் தரையில் வையுங்கள். மாடிதான் வழி என்றால் சூரியன் சாய்ந்ததும் தண்ணீர் தெளித்து ஆறவிடுங்கள். கண்ணாடியும் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வர 45 நிமிடம் ஆகும். அதற்கு முன் 120 மடங்கு போட்டு ஏமாற வேண்டாம். கண்ணாடிகள் நேராக இருக்கின்றனவா என்று அறிய, பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்துக் குவியத்தைச் சற்றுக் கலையுங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று திருகி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அரைச் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகினால் எங்கே இருந்தோம் என்பதே தெரியாமல் போகும்.

காவலூர்

வாங்குவதற்கு முன் ஒருமுறை ஜவ்வாது மலையில் உள்ள காவலூருக்குப் போய்வாருங்கள். பழைய வட ஆற்காட்டின் பகுதி, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆலங்காயம் வழியாகப் போக வேண்டும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான் ஆய்வகம் அங்கே இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி உள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 1 மீட்டர் தொலைநோக்கி அதற்கும் மூத்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பது தெரியவந்த 1977 மார்ச் 10 இரவு, அந்த நிகழ்வைப் பதிவு செய்த கருவிகளில் அதுவும் ஒன்று. 1988இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர். வடவானமும் தென்வானமும் ஒரே இடத்திலிருந்து எட்டும் என்பதுதான் இந்த மலையின் சிறப்பு. உங்கள் ஏரிக்கரைக்கும் அதே சிறப்பு உண்டு. பொதுமக்களுக்கு அனுமதி உள்ள நாளையும் நேரத்தையும் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேகம் இருந்தால் தொலைநோக்கி வழியாகக் காட்ட மாட்டார்கள்.

மழை மாதங்களில்

அக்டோபர் வந்ததும் பைனாகுலரையும் ஐபீஸ்களையும் அவற்றோடு வந்த தோல் உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். உறை ஈரத்தைப் பிடித்துவைத்து, லென்ஸில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர வழிசெய்யும். பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சையே அரிக்கும், துடைத்தால் போகாது. ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் 100 கிராமைத் துணிப்பையில் கட்டி உடன் வையுங்கள். ஈரம் ஏறினால் அது பச்சையாக மாறும். சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் சிறு தீயில் சூடாக்கினால் நிறம் திரும்பும். தூசியைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், காற்று ஊதும் ரப்பர் பல்ப் போதும். தொலைநோக்கிக் குழாயைப் படுக்க வைத்து இரு முனையும் மூடுங்கள்.

பொங்கல் கழிந்து முதல் தெளிந்த இரவில், 9 மணிக்கு டப்பாவைத் திறந்து முதலில் அகத்தியரைப் பிடியுங்கள். தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே, இரண்டு முஷ்டி உயரத்தில் இருப்பார். குவியத்தைக் கலைத்து வளையங்களைப் பாருங்கள். ஒரே மையத்தில் இருந்தால் மழைக்காலத்தில் எதுவும் நகரவில்லை. அப்படியே ஓரியனுக்கு மேலே ஏறிவிடலாம்.